பின்சக்கரத்து ஈரம்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், மிரி காலையில் அதில் கஞ்சியைக் கொட்டிவிட்டாள். இதில் உட்காருங்கள். எட்வின் ஃபேக்டரியிலிருந்து வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்களிடம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. "ஃபிலோ, அவர் வந்தா டீ குடு, சிரி, அவ்வளவுதான். கார் விஷயம் நான் வந்து பேசிக்கறேன்." இப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார். டீ இதோ இருக்கிறது. எங்கள் எஸ்டேட் டீதான். சிரிக்கவும் சிரித்துவிட்டேன்.

ஆனைமலையில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறீர்களாமே? தங்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு பழைய கார் வேண்டுமாம், எட்வின் சொன்னார். போட்டோவுக்கு எங்கள் கார் பிரமாதமாக இருக்கும் சார். நிற்கும்போது அதற்கு ஒரு குறையும் கிடையாது. ஓடும்போதுதான்...

பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன்.

சரி, கார் வேண்டாம். குழந்தையைப் பற்றிப் பேசலாம், அதற்குத் தடை இல்லை. இவள் மிரியம். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. மிரி, அது சாரோட செருப்பு, வாயிலிருந்து எடு. எடும்மா. கொஞ்சம் தூக்கிக்கொள்கிறீர்களா சார்? புது ஆள் தூக்கினால் அழமாட்டாள், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆமாம், அப்படித்தான். நாளைக்கு இவளுக்குக் கோயம்புத்தூரில் எக்கோ பார்க்கவேண்டும். இதயத்தில் ஒரு ஓட்டை.

ஐயோ, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள், கடைசியில் நான்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருக்கிறது. ரொம்பச் சின்ன ஓட்டை. வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. "தானா மூடிக்கும்மா, நிறையக் குழந்தைங்களுக்கு இருக்கிறதுதான்" என்றார் டாக்டர். தானாக என்றால் எப்போது என்று கேட்டேன். சிரித்தார். போன தடவை பார்த்தபோது பாதி மூடியிருந்தது. நாளைக்கு முழுசாக மூடியிருந்தால் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். மூடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. எட்வின் கேட்டு வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

அந்த டாக்டரைப் பார்க்க இந்த வால்பாறை மலையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும். நீங்கள் இன்றைக்குப் பஸ்ஸில் ஏறி வந்தீர்கள், உங்களுக்கே தெரியும். அதனால்தான் சார், இவளைப் பற்றிப் பேசினால் கார் தானாக வந்துவிடுகிறது. என்மேல் தப்பில்லை.

நான் பயந்தவள் சார். எனக்குப் பயப்படத் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. சட்டைப் பட்டனுக்குப் பயம், இவள் விழுங்கிவிடுவாளோ என்று. இவள் சட்டையில் ஒரு பட்டன் இல்லை பாருங்கள், எல்லாம் நாடாதான். இவள் தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் விழித்துக்கொண்டு அழுவாள். அழுதால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படுவேன். கான்வென்ட்டில் சிஸ்டர் கொன்சீலியா என்னைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்: "மிகவும் கவனமான பெண்." அம்மாவும் அப்பாவும் அதை ஃபிரேம் போடாத குறைதான். அதற்குப் பெயர் கவனமில்லை, பயம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கார் எட்வினுடைய அப்பா வாங்கியது. அவர் போன பிறகு எங்களிடம் வந்தது. ஓட்டை தெரிந்த அந்த ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம் பாருங்கள், அந்த வாரம், கீழே விழுந்த சாவியை எடுக்க முன்சீட்டு மிதியடியைத் தூக்கினேன். தரையில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. அதன் வழியாக ரோடு தெரிந்தது. ஓட்டை வழியாக ரோடு ஓடுகிறது சார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. "காலணா சைஸ் ஓட்டைக்கு யாராவது அழுவாங்களா?" என்றார். அழுவார்கள்.

அதை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். அதோடு விட்டேனா? இங்கே பெய்கிற மழைக்கு நாளைக்கு வேறொரு இடம் துருப்பிடிக்காதா? பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் வண்டியை மேலே தூக்கி நிறுத்தி, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பெயின்ட் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். விடுவேனா? வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய், பட்டறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெயின்டர் ஒருத்தர், முகமெல்லாம் துணி சுற்றிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே இருந்து விரலைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, அங்க விட்டுட்டீங்க."

"அது விடணும்மா."

"எதுக்கு விடணும்? ஆக்சில் மேல அந்தப் புடைப்பு. அதையும் மூடுங்க."

"இல்லம்மா, அது வந்து..."

"அண்ணே, காசு குடுக்கறது நாங்க. ஊசி நுழைய இடம் இருக்கக்கூடாது."

அவர் எட்வினைப் பார்த்தார். எட்வின் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு பெயின்டர் அதன்மேல் இரண்டு கோட்டிங்காகவே அடித்துவிட்டார் பாவம். இன்றைக்கும் நீங்கள் அடியில் படுத்துப் பாருங்கள், துரு என்ற பேச்சே கிடையாது. விற்கும்போது இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று எட்வினிடம் நானே சொன்னேன். "எதை வேணும்னாலும் சொல்லு, அதை மட்டும் சொல்லாதே" என்றார். நல்ல விஷயத்தைச் சொல்வதற்கு இவருக்கு ஏன் இத்தனை கூச்சமோ.

இவள் பிறந்து, முதல் தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த மறுநாள்தான் பார்த்தேன். பின்னால் இடதுசக்கரத்தின் உள்பக்கம் ஈரம். தொட்டேன். கொழகொழவென்று இருந்தது. முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். முதலில் இவள்மேல்தான் சந்தேகம் வந்தது, அப்படிப்பட்ட நாற்றம் எங்கள் வீட்டில் இவளால்தான் வரும். இவளைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தாள்.

மெக்கானிக் சைதலவியைக் கூப்பிட்டோம். மலையாளி, இங்கே பஜாரில் ஷெட் வைத்திருக்கிறார். "கிரவுன் ஆயில் மேடம். ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில இருக்கற ஆக்சில் உள்ள இருக்கற ஆயில். சக்கரத்துக்கிட்ட ஆயில் வெளிய வராம ஒரு ரப்பர் சீல் இருக்கும், அது போயி. வேற ஒண்ணும் இல்லா" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆயில் ஒழுகினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பிரேக் ஷூவில படும். பட்டா பிரேக் பிடிக்காது." கேட்டீர்களா, அதுதான் அவருடைய வேறு ஒன்றும் இல்லை.

சீல் மாற்றினார். பஜாருக்கும் சர்ச்சுக்கும் போய்வந்தோம். ஒரு சொட்டு கிடையாது. அடுத்த தடவை கோயம்புத்தூர் போய்த் திரும்பினோம். மறுபடியும் ஈரம், அதே இடம். "சீல் டூப்ளிகேட்" என்றார் சைதலவி. ஒரிஜினல் வரவழைத்துப் போட்டோம். பஜார், சர்ச், எல்லாம் நன்றாக இருந்தது. மலை இறங்கி ஏறினோம். ஈரம். "ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு" என்றார். பாலிஷ் போட்டார். பேரிங் மாற்றினார். ஈரம். அதற்குள் வலதுசக்கரமும் ஆரம்பித்துவிட்டது. எட்வின் அவரைத் திட்ட, அவர் கம்பெனியைத் திட்ட, நான் இரண்டு பேரையும் திட்ட, மிரி மட்டும் யாரையும் திட்டாமல் ஸ்பேனரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் பங்கு ஃபாதரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரிக்கச் சொன்னேன். ஃபாதர் வழக்கம்போல இன்ஜின் பக்கம் தீர்த்தம் தெளிக்கப் போனார். "ஃபாதர், அங்க இல்ல, பின்னாடி லெஃப்ட் சைடு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு உள்ளே இரண்டு தடவை தெளித்தார். எட்வின் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார். அந்த வாரம் மலை இறங்கும் வேலை இல்லாததால் ஆயில் ஒழுகவில்லை. நான் ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கடுத்த பயணத்தில்தான் அந்தக் குரங்கு.

இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஒரு வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு சிங்கவால் குரங்கு, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு. எட்வின் பிரேக் போட்டார். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை சார். பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பள்ளத்துப் பக்கத் தடுப்புச்சுவர் ஓரம் போய்த்தான் நின்றது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, குட்டியோடு தாவிப் போய்விட்டது. எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்வின் வண்டியை அணைத்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். எதற்கும் பயப்படாத ஆள் அவர். அவர் அப்படித் துடைத்ததைப் பார்த்தபோதுதான், நான் இத்தனை நாள் பயந்ததெல்லாம் சும்மா ஒத்திகை என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பஸ்ஸில் போனோம். ஒரு தடவை இவள் கண்டக்டர் மேல் வாந்தி எடுத்தாள். அவரும் நல்ல மனுஷர், "பரவால்ல பாப்பா, யூனிஃபார்ம்தானே" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு காரை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிப் போகவேண்டுமா?

நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். சிரிக்காதீர்கள். கான்வென்ட்டில் எனக்கு முள்கரண்டியை எந்தக் கையில் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பின்சக்கரம் எதனால் சுற்றுகிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒழுகுகிற விஷயத்தில் எனக்கு அனுபவம் இருந்தது. இவளுடைய நாப்பித் துணிகளை எடுத்துக்கொண்டுபோய் சக்கரத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக விரித்தேன். பஜார் போய் வந்தால் ஒரு துணி, கீழே போய் வந்தால் ஒரு துணி. பக்கத்து வீட்டு ஸ்டாஃப் மனைவி லலிதாம்பிகை வேலியோரம் நின்று கேட்டார், "என்ன ஃபிலோ, காருக்கும் பல் முளைக்குதா?" நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமாக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல" என்றேன்.

எட்வினைக் கெஞ்சி, யாரும் கூட வராமல், மெதுவாக வண்டியை மலை இறக்கி ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன ஜெபமாலைக்குக் கணக்கே கிடையாது. துணியில் ஈரம். பஜார் துணி காய்ந்து கிடந்தது. ஆக, பஜாருக்குப் போனால் ஒழுகாது, மலை இறங்கி ஏறினால் மட்டும் ஒழுகும். இது எனக்குத் தெரிந்துவிட்டது. இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? இறங்கும்போது இடதுபக்கம் திரும்புகிற வளைவு அதிகம், வண்டி ஒருபக்கம் சாய்ந்து ஆயில் வழிகிறது என்று. பஸ்ஸில் போகும்போது உட்கார்ந்து இடது வலது எண்ணினேன் சார். எண்ணி முடித்தபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தது. தவிர, வலதுசக்கரமும் ஒழுகுகிறதே, அது எந்தப் பக்கம் சாய்ந்ததாம்? அதைச் சைதலவி கேட்டபோது, நீங்க சுத்தியலால சீலைத் தட்டித் தட்டித்தான் கெட்டுப்போகுது என்று அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் குக்கர்தான் காப்பாற்றியது. இவளுக்கு கேரட்டும் பருப்பும் வேகவைத்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை. மூடியைச் சுற்றி ஓரத்தில் புஸ்ஸென்று ஆவியும் தண்ணீருமாக வழிகிறது. கேஸ்கட் போய்விட்டது என்று புதிது போட்டேன். மறுபடியும் ஓரத்தில்தான் வழிகிறது. அணைத்துவிட்டு, மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெயிட் உட்காருகிற குழாயில் வெளிச்சமே தெரியவில்லை. பருப்புத் தோல் அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்து வைத்தேன், முதல் நிமிஷமே விசில். கேஸ்கட் பாவம், அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மேலே வழியில்லாவிட்டால் ஆவி எங்கே போகும்? பக்கத்தில்தானே வரும்?

கரண்டியோடு அப்படியே நின்றேன். மலை இறங்கி ஏறினால் ஆக்சில் சூடாகும். பஜார் தூரத்துக்கு அத்தனை சூடாகாது. சூடானால் உள்ளே இருக்கிற காற்று பெருக்கும். பெருத்த காற்று எங்கே போகும்?

மிரியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். "சைதலவி, ஆக்சிலுக்கு வெயிட் இருக்கா?" என்றேன். வயசான மனுஷன், பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். "என்ன வெயிட் மேடம்?" குக்கரைச் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "பிரீதர்னு ஒண்ணு உண்டு. ஆக்சில் மேல மூடி மாதிரி சின்னதா இருக்கும், காத்து போற வழி. இந்த வண்டியில அது காணலையே. இந்த மாடலுக்குக் கிடையாதுன்னு நினைச்சேன்" என்றார். "பாருங்க" என்றேன். "சூடா இருக்கும்போதே பாருங்க." எட்வின் போய் வண்டியை மலையில் ஓட்டிக்கொண்டுவந்து, சூட்டோடு ஷெட்டில் நிறுத்தினார். சைதலவி அடியில் படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் ஆக்சில் மேலே சுரண்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. சுரண்டியதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே பிரீதர். அடுத்த நொடி 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு மிரி கைதட்டினாள்.

யாரோ ஒரு மடையன் சார், அந்தத் துவாரத்தின் மேல் கறுப்பு ரப்பரைத் தடவி அடைத்து வைத்திருக்கிறான்! ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, அத்தனை கனம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சுத்தமாகச் செய்யவைத்த வண்டியில் எவன் வந்து கைவைத்தானோ. அவனைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று அங்கேயே கத்தினேன். சைதலவி எட்வினைப் பார்த்தார். எட்வின் கூரையைப் பார்த்தார். "கேட்டுடலாம் ஃபிலோ, கண்டிப்பா கேட்டுடலாம்" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார்.

நீங்கள் ஏன் சார் சிரிக்கிறீர்கள்? மிரி மூக்கைப் பிடித்து இழுக்கிறாளா?

சரி விடுங்கள். புது சீல், புது பிரேக் ஷூ எல்லாம் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எட்வின் தனியாகப் பல தடவை கீழே போய்வந்துவிட்டார். துணி விரித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் கிடையாது. ஆனால் அந்தக் குரங்கு குறுக்கே வந்த அன்றைக்கே எட்வின் புதுக் காருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். ஆறு ஏர்பேக் இருக்கிறதாம். அடுத்த மாதம் வந்துவிடும். அதனால்தான் இதை விற்கிறோம். நீங்கள் இன்றைக்கே எடுத்துக்கொண்டால் நல்லது என்பது அவர் கணக்கு. நாளைக்கு ஃபேக்டரியில் ஹெட் ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள், அவருக்கு லீவு இல்லை. "நீ பஸ்ல போயிட்டு வந்துடு ஃபிலோ, பஸ்தான் சேஃப்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆனால் நான் ஒன்று யோசித்தேன் சார். யோசித்தேன் என்றால், இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான்.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. சர்ச்சுக்கும் பஜாருக்கும் நானே ஓட்டுகிறேன். மலை மட்டும் இறங்கினதில்லை. இறங்கமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வண்டி எங்கே ஒழுகும், எப்போது ஒழுகும், எதனால் ஒழுகும் என்று எனக்கு அத்துப்படி. அடுத்த மாதம் வருகிற புதுசுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பஸ் டிரைவரிடம் போய் உங்கள் பிரீதரைக் காட்டுங்கள் என்று கேட்க முடியுமா? நாளைக்கு அந்த டாக்டர் ரூமில் அந்த ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்து, என்ன சொல்வாரோ தெரியாது. அது என் கையில் இல்லை. அதுவரைக்கும் போகிற வழியாவது எனக்குத் தெரிந்ததாக இருக்கட்டுமே.

நீங்கள் இன்றைக்கு இங்கே லாட்ஜில்தானே தங்குகிறீர்கள்? நாளைக் காலையில் நீங்களும் கீழேதானே போகவேண்டும்? பொள்ளாச்சி வரைக்கும் எங்களோடு வந்துவிடுங்களேன். வாங்கப்போகிற வண்டியை மலையில் ஓட்டிப் பார்த்த மாதிரி ஆயிற்று. ஓட்டுவது நான்தான், நீங்கள் பின்சீட்டில் மிரியைப் பிடித்துக்கொண்டால் போதும். செகண்ட் கியரில் மெதுவாகத்தான் இறங்குவேன். பின்னால் வருகிற பஸ்காரன் ஹார்ன் அடித்தால் அடித்துக்கொண்டே வரட்டும். வண்டியையும் சாவியையும் நாளைக்குச் சாயங்காலம் நானே ஆனைமலைக்குக் கொண்டுவந்து தருகிறேன். எக்கோவில் என்ன சொன்னார்கள் என்றும் சொல்கிறேன், நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிடுவேன், அது தெரியும் உங்களுக்கு.

பைக் சத்தம் கேட்கிறது. எட்வின்தான். எழுந்திருக்காதீர்கள் சார், எழுந்திருக்காதீர்கள், இவள் இப்போதுதான் உங்கள் தோளில் கண் அசந்தாள். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன சார், கை இப்படிச் சில்லிட்டிருக்கிறது? பயமாக இருக்கிறதா?

எனக்கும்தான். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்.